பச்சை என்று சொன்னவள்

துணி உலர்த்தும் மெஷினுக்குள் தலையை விட்டு மாமனாரின் கம்பளிக் கால்சட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சரப்ஜீத்தின் முழங்கை அந்த வாளியில் இடித்தது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், இரண்டங்குலத் தண்ணீரில், முப்பது திராட்சைக் குச்சிகள் நின்றன. சனிக்கிழமை அவளே அறுத்து அவளே கொண்டுவந்து வைத்தவை. இன்றைக்குச் செவ்வாய். 'இந்த வெறக எடுத்து வெளிய வீசு, துணியெல்லாம் பட்ட வாசன அடிக்குது' என்று மாமியார் நசீப் கௌர் இரண்டு தடவை சொல்லியாயிற்று.

வீசத்தான் எடுத்தாள். வீசுவதற்கு முன்னால், சும்மா, கை கேட்காமல், ஜன்னல் கட்டையில் கிடந்த ஷேவிங் பிளேடால் ஒரு மொட்டின் தலையைக் குறுக்கே சீவினாள்.

பழுப்பு.

திராட்சை மொட்டு ஒன்றுக்குள் மூன்று குருத்து உண்டு. நடுவில் பெரியது, பழம் தருவது அதுதான். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறியவை, பெரியது செத்துப்போனால் ஒப்புக்கு முளைக்க. நடுக்குருத்து கிராம்பு நிறத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்தவையும் அப்படியே. அடுத்த மொட்டைச் சீவினாள். பழுப்பு. அதற்கடுத்தது. பழுப்பு. குச்சியை மாற்றினாள். வேறு வரிசைக் குச்சி, வேறு மேடு. பழுப்பு, பழுப்பு, கறுப்பு.

துவைத்த துணிக் குவியலின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமியாரின் வெள்ளைத் துண்டை மடியில் விரித்து நூறு மொட்டு சீவினாள். பச்சை எட்டு. குச்சியின் பட்டையை நகத்தால் உரித்துப் பார்த்தாள். பட்டைக்கு அடியில் ஈரமாக, வெள்ளரித் தோல் மாதிரி பச்சை. குச்சி உயிரோடிருக்கிறது. மொட்டுதான் செத்துவிட்டது.

மெஷின் தன்பாட்டுக்கு இன்னும் சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.  அவள் காதுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் குரல்தான். சனிக்கிழமை பதினோரு பேருக்கு முன்னால் சொன்னது. 'எல்லாம் பச்சை. கவாத்து ஆரம்பிக்கலாம்.'

அந்த வருடம் ஜனவரி பிறந்து பத்து நாளாகியும் குளிர் என்று ஒன்று வரவே இல்லை. ஏரிக்கரையில் வெள்ளைக்காரர்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நாயை நடத்திப் போனார்கள். தரையில் ஒரு பிடி பனி கிடையாது. கொடிகள் பாதித் தூக்கத்தில் இருந்தன. வியாழக்கிழமை சாயங்காலம் வடக்கிலிருந்து காற்று இறங்கியது. அன்று ராத்திரி மைனஸ் இருபத்தேழு. மறுநாள் ராத்திரியும் மைனஸ் இருபத்தேழு. தோட்டத்துக் குளம் உறைந்து வெடித்த சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

சனிக்கிழமை காலை மைனஸ் இருபத்தொன்று. மேட்டுத் தோட்டக்காரர்கள் பதினோரு பேர் ஹர்பன்ஸ் சிங்கின் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஹீட்டர் வைத்த கொட்டகை அவருடையதுதான். தலைப்பாகைக்கு மேல் குல்லாய், அதற்கு மேல் மருமகன்கள் வாங்கித் தந்த ஜாக்கெட்டின் தொப்பி என்று மூட்டை மூட்டையாக நின்றார்கள். டீ டம்ளரைச் சூட்டுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்களே தவிர ஒருவரும் குடிக்கவில்லை.

சரப்ஜீத் டீ ஊற்ற வந்தவள். ஆறு வருடமாக அந்தக் கொட்டகைக்கு டீ ஊற்றத்தான் வந்திருக்கிறாள். லூதியானாவில் நாலு வருடம் வேளாண்மை படித்துப் பட்டம் வாங்கியவள். அவள் அப்பா தானிய மண்டியில் மூட்டை தூக்கியவர். குடும்பத்தில் அவளுக்கு முன்னால் ஒருவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அந்தப் பட்டம் கண்ணாடிச் சட்டத்தோடு கடல் தாண்டி வந்து இங்கே அலமாரியில், கல்யாண உடுப்புகளுக்கு அடியில் கிடக்கிறது. அவள் கோடையில் பழம் பொதிவாள், குளிரில் கவாத்துக்குக் கொடி வெட்டுவாள், நடுவில் ரொட்டி தட்டுவாள். கூலி கேட்டால் 'வீட்டு ஆளுக்கு எதுக்குக் கூலி' என்பார்கள். கருத்துச் சொன்னால் 'வீட்டு ஆளுக்கு எதுக்குக் கருத்து' என்று யாரும் சொன்னதில்லை. காதில் விழாத மாதிரி இருப்பார்கள், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஹர்பன்ஸ் சிங் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏன் எல்லாரும் செத்த வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? என் மருமக லூதியானாவுல படிச்சவ. அவ பாத்துச் சொல்லட்டும்."

ஆறு வருடத்தில் முதல் தடவை. சரப்ஜீத்துக்கு டீ கெட்டில் கையில் கனக்கவே இல்லை.

முப்பது குச்சி அறுத்து வந்தாள். மேசைமேல் போட்டதும் கண்ணாடிக் குச்சி மாதிரி கிணிங் என்றது. அவளுக்குத் தெரியும். வருடா வருடம் டவுனில் நடக்கும் தோட்டக்காரர் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். உறைந்து செத்த மொட்டு, உறைந்திருக்கும்வரை பச்சையாகவே இருக்கும். ஐஸில் கிடக்கும் மீனின் கண்ணைப் போல. சூட்டில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்து, இளகிய பிறகு அறுத்தால்தான் பழுக்கும், உண்மை சொல்லும்.

"ரெண்டு நாள் உள்ள வெச்சிருந்து பாக்கணும்..." என்று ஆரம்பித்தாள்.

பெரிய தோட்டக்காரர் நிர்மல் சிங் உரக்கச் சிரித்தார். "ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றதுக்குப் படிப்பு எதுக்கும்மா? ரெண்டு நாள் கழிச்சு என் எருமைகூடச் சொல்லுமே!"

பதினோரு பேரும் சிரித்தார்கள். இரண்டு நாளாகச் சிரிக்காத ஆட்கள், ஆசையோடு சிரித்தார்கள். ஹர்பன்ஸ் சிங் சிரிக்கவில்லை. மருமகளைப் பார்த்தார். 'மானத்தை வாங்கிடாதே' என்கிற பார்வை.

பிளேடை எடுத்தாள். சீவினாள். பச்சை. இன்னொன்று சீவினாள். பளபளவென்று பச்சை. இருபது சீவினாள். ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். 'வாஹேகுரு, வாஹேகுரு' என்று கடவுளைக் கூப்பிட்டார் ஒருவர். மனசின் ஒரு மூலையில் அந்த நோட்டுப் பக்கம் விரிந்தே கிடந்தது. அதை மூடிவிட்டுத்தான் அவள் சொன்னாள். எல்லாம் பச்சை. கவாத்து ஆரம்பிக்கலாம். அந்தக் குச்சிகளை வாளியில் போட்டு உள்ளே கொண்டுபோய் வைத்ததுகூட, அந்த மூலையின் வாயை அடைக்கத்தான்.

கொட்டகை வாசலில் ஒரே ஒரு பொம்பளை நின்றிருந்தாள். ப்ரீதம் கௌர். ஊரே சாச்சி என்று கூப்பிடும், சித்தி முறை. புருஷன் போய் மூன்று வருடம். அவன் அண்ணன் தம்பிகள் நிலத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'இந்த வருஷ அறுப்பும் சரியா வரலன்னா எங்ககிட்ட விட்டுடு, பொம்பளையால முடியாது' என்று குருத்வாரா வாசலில் வைத்தே சொன்னார்கள். சாச்சி அன்று சரப்ஜீத்தின் கன்னத்தைத் தடித்த கையுறையோடு கிள்ளிவிட்டுப் போனாள். "சர்பு, இனிமே எந்த ஆம்பளையையும் கேக்க மாட்டேன். உன்னத்தான் கேப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை குளிர் கொஞ்சம் விட்டது. ஞாயிற்றுக்கிழமையே சாச்சி ஆட்களை இறக்கிவிட்டாள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை, சீவிய மொட்டுகள் கிடந்த வெள்ளைத் துண்டோடு சரப்ஜீத் அப்படியே சமையலறைக்கு வந்தாள். மாமனார் மக்காச்சோள ரொட்டியைப் பிட்டுக் கீரையில் தோய்த்துக்கொண்டிருந்தார். மாமியார் அடுப்பில் அடுத்த ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"டாடிஜி, இத பாருங்க."

"சாப்பிடும்போது என்னம்மா அழுக்குத் துண்ட..."

"பாருங்க."

அவர் பார்த்தார். முதலில் விளங்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரலால் ஒரு மொட்டை நிமிண்டினார். ரொட்டித் துண்டு கையிலிருந்து கீரையில் விழுந்து முங்கியது. ஹர்பன்ஸ் சிங்குக்கு அறுபத்திரண்டு வயது. ஆப்பிள் மரத்தைப் பிடுங்கிவிட்டு இந்தக் கொடிகளைத் தன் கையால் நட்டவர்.

"நீ மெஷின்கிட்ட வெச்சிருந்த இல்ல?" என்றார் கடைசியில். "மெஷின் சூட்டுல வெந்து போயிருக்கும். வேக வெச்சுட்ட நீ."

"வேகல டாடிஜி. செத்தது வெள்ளிக்கிழமையே. வீட்டுக்குள்ள வந்து இளகினதும் நெறம் காட்டுது. சனிக்கிழம நான் பாத்தது உறைஞ்ச பொணம்."

"சீ, வாயக் கழுவு!" என்றாள் மாமியார்.

"வெளியிலயும் நேத்து மத்தியானத்துலேருந்து இளகல்தானே? வாங்க, போய் அறுத்துப் பாப்போம்."

போய்ப் பார்த்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் முதல் வரிசையில், காலில் செருப்போடு, ஹர்பன்ஸ் சிங்கே அறுத்தார். ஐந்தாவது மொட்டுக்குப் பிறகு பிளேடை மருமகள் கையில் கொடுத்துவிட்டார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வரிசை முழுக்க ஒரு பார்வை பார்த்தார். கொடிகள் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாமல் நின்றன. போன வருடத்துக் குச்சிகள் ஆளுயரத்துக்கு, கம்பியில் கை போட்டபடி. அதுதான் கொடுமை. ஒரு காயம் இல்லை, ஒரு தழும்பு இல்லை.

"தண்டு?" என்றார்.

பிளேடால் அடித்தண்டில் நகக்கண் அளவுக்குப் பட்டையைச் செதுக்கினாள். உள்ளே பச்சை. ஆனால் இனி அவள் தன் கண்ணை நம்பத் தயாராயில்லை. "பச்சையா இருக்கு. ஆனா சொல்ல மாட்டேன். தடிமனான கட்ட, உள்ள இன்னும் உறைஞ்சிருக்கும். ஒரு துண்டு ரம்பத்தால அறுத்து உள்ள வெச்சு ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன்."

சமையலறைக்குத் திரும்பியதும் அவர் நாற்காலியில் விழுந்தார். வெகுநேரம் கழித்து முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. சரப்ஜீத்துக்குப் பிடிக்காத வெளிச்சம்.

"நம்ம கொடிய இன்னும் தொடல" என்றார். "ஆளுங்க நாளைக்குத்தான வர்றாங்க? வர வேண்டாம்னு சொல்லிடு. வெட்டாம அப்படியே விட்டுட்டா?"

"விட்டுட்டா பொழைக்கலாம் டாடிஜி. வெட்டாத கொடியில எரநூறு மொட்டு இருக்கு. நூத்துக்கு எட்டுன்னாலும் பதினாறு உயிரு. வழக்கமா இருபத்தஞ்சு மொட்டுதான் விடுவோம். பதினாறு முளைச்சா பாதி அறுப்புக்கு மேலயே தேறும். எது உயிரு, எது சவம்னு வசந்தத்துல முளைச்சதுக்கப்புறம் பாத்து வெட்டிக்கலாம்."

"வெட்டின கொடியில?"

"இருபத்தஞ்சுதான் இருக்கும். அதுல ரெண்டு."

நசீப் கௌர் அடுப்பை அணைத்தாள். "ப்ரீதம் ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சுட்டாளே" என்றாள்.



"நான் போறேன்" என்றாள் சரப்ஜீத். வண்டிச் சாவி ஆணியில் தொங்கியது.

"எங்க?"

"சாச்சி தோட்டத்துக்கு. இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கோ. அப்புறம் நிர்மல் வீடு. அப்புறம் ஒவ்வொருத்தரா."

"உக்காரு."

"டாடிஜி..."

"உக்காருன்னேன்." அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவர் வழக்கம். "யோசிச்சுப் பேசு. கொன்னது யாரு? குளிரு. நீயா வானத்துலேருந்து இறக்கின? வசந்தத்துல முளைக்கலன்னா எல்லாரும் என்ன சொல்லுவாங்க? குளிரு கொன்னுடுச்சும்பாங்க. உம் பேர யாரும் எடுக்க மாட்டாங்க. நீயா போயி நான்தான் நான்தான்னு மார்ல அடிச்சுக்கிட்டா மட்டும் எடுப்பாங்க. இந்த வீட்டு வார்த்தைக்கு இந்த மேட்டுல ஒரு மதிப்பு இருக்கு. முப்பது வருஷத்து மதிப்பு."

"அப்ப நம்ம கொடிய மட்டும் ஏன் வெட்டலன்னு கேக்க மாட்டாங்களா?"

"முதுகு வலின்னு சொல்லுவேன்."

சரப்ஜீத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட சிரிப்பு. "உங்க முதுகுவலிக்கு முப்பது வருஷத்து மதிப்பு இருக்கா டாடிஜி?"

"நாக்கு!" என்றார் அவர். போனை எடுத்தார். "உன் புருஷன்கிட்டயே பேசு."

ஜக்தேவ் அப்போது மலைப்பாதையில் லாரி ஏற்றிக்கொண்டிருந்தான். அப்பா சொன்னதைக் கேட்டான். மனைவி சொன்னதையும் கேட்டான். இன்ஜின் உறுமல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "ரெண்டு பேரும் சொல்றது நியாயம்தான்" என்றான். "இங்க ஏத்தம். அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டான். அவனுக்கு எப்போதும் ஏற்றம்தான்.

"கேட்டியா?" என்றார் மாமனார்.

"என்னத்த கேட்டா?" என்றாள் நசீப் கௌர். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி நடுவில் வந்து நின்றாள். "அங்க ஒருத்தி கொடிய வெட்டிக்கிட்டிருக்கா. நீங்க இங்க உக்காந்து பேச்ச வெட்டறீங்க. சனிக்கிழம என்னமோ என் மருமக என் மருமகன்னு நெஞ்ச நிமித்தினீங்களே, இப்ப அவ ஒண்ணு சொன்னா முதுகு வலிக்குதோ?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ..."

"தெரியாதுதான். ஆறு கிளாஸ். ஆனா ஞாயித்துக்கிழம குருத்வாரா சமையல்ல ப்ரீதம் பக்கத்துல உக்காந்து நான்தான் ரொட்டி உருட்டணும். அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு என்னால உருட்ட முடியாது." ஆணியிலிருந்து சாவியை எடுத்து மருமகள் பக்கம் மேசையில் போட்டாள். "நீயும் ஒண்ணும் பெரிய மகாத்மா இல்ல. தப்பு பண்ணது நீதான். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போகாத. குனிஞ்சு போ."

அந்தப் பேச்சு சரப்ஜீத்துக்குச் சுருக்கென்று தைத்தது. மாமனாரோடு சண்டை போட்ட வேகத்தில், தான் என்னமோ நியாயத்துக்குப் போராடும் ஆள் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டிருந்தாள். எருமை என்று ஒருவன் சிரித்ததற்காக ஒரு பொம்பளையின் தோட்டத்தைத் தூக்கிக் கொடுத்தவள் அவள்.

சாச்சியின் தோட்டம் இரண்டு மைல். வண்டியை நிறுத்தும்போதே கத்தரிகளின் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக் என்று நிதானமாக, பழகிய கைகளின் சத்தம். குளிர்காலத்தில் வேலையில்லாத பழம் பொதிகிற பெண்கள் ஆறு பேர் வரிசைக்கு ஒருத்தியாக நின்று வெட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ எதையோ சொல்ல ஆறு பேரும் கெக்கலித்தார்கள். சரப்ஜீத் தோட்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். ஆளுயரக் குச்சிகள் நிற்க வேண்டிய இடமெல்லாம் ஒட்ட வெட்டி, கம்பியில் விரல்கடை நீளத் துண்டுகள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. ஐந்து ஏக்கரும் மொட்டையடித்த தலை மாதிரி. வெட்டிய குச்சிகள் வரிசைகளுக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. வேலி ஓரமாக நான்கு வரிசைதான் மிச்சம்.

"சர்பு!" ப்ரீதம் கௌர் குச்சிக் குவியலைத் தாண்டித் தாண்டி வந்தாள். புருஷனின் பழைய பஞ்சு ஜாக்கெட், மார்பில் அவன் பெயர் நூலில் தைத்தது. முகம் குளிரில் சிவந்து பத்து வயது குறைந்திருந்தது. "பாத்தியா வேகத்த? இந்த மேட்டுலயே மொதல்ல முடிக்கறது நான்தான். காலைல எங்க மூத்தவர் வந்தாரு, புருஷனோட அண்ணன். காரவிட்டு எறங்கல. கண்ணாடிய மட்டும் எறக்கிப் பாத்தாரு. 'யாரக் கேட்டு வெட்டற'ன்னாரு. 'படிச்சவளக் கேட்டு வெட்டறேன்'னேன். கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு!" வாய்விட்டுச் சிரித்தாள். "வா, பிளாஸ்க்ல டீ இருக்கு. பின்னி உருண்டையும் இருக்கு, நெய்யில புடிச்சது."

"சாச்சி, வெட்டறத நிறுத்தச் சொல்லுங்க."

"ஏன், கத்தரி சரியில்லையா?"

"நிறுத்தச் சொல்லுங்க சாச்சி. நான் சொன்னது தப்பு."

சாச்சியின் சிரிப்பு உடனே போகவில்லை. போக மறந்து முகத்திலேயே நின்றது. "என்னடி தப்பு?"

சரப்ஜீத் சொன்னாள். குனிந்துதான் சொன்னாள். மொட்டு செத்தது, உறைந்திருந்ததால் பச்சையாகத் தெரிந்தது, இரண்டு நாள் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், அது தனக்கு முன்னாலேயே தெரியும், தெரிந்தே அவசரப்பட்டது. 'தெரிந்தே' என்ற வார்த்தையை விழுங்கிவிடலாம் என்று நாக்கு ஒரு கணம் ஆசைப்பட்டது. விடவில்லை.

"வெளையாடாத."

"இல்ல சாச்சி."

"அன்னைக்கு நான் கண்ணால பாத்தேனே. பச்சையா இருந்துச்சே. வெத்தல மாதிரி."

"ஆமா."

"அப்புறம்?"

சரப்ஜீத் பிளேடை நீட்டினாள். ப்ரீதம் கௌர் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். பக்கத்துக் கொடியில் வெட்டாமல் விட்டிருந்த துண்டில் இரண்டு மொட்டு இருந்தது. இரண்டையும் சீவினாள். பார்த்தாள். அடுத்த கொடிக்குப் போனாள். சீவினாள். அடுத்தது. மூன்று கொடி, ஆறு கொடி, பத்துக் கொடி என்று வரிசையோடு நடந்துகொண்டே சீவினாள். பின்னாலேயே சரப்ஜீத் நடந்தாள். கத்தரிச் சத்தங்கள் ஒன்றொன்றாக நின்றன. பெண்கள் வேலையை விட்டுவிட்டு, தங்களுக்குப் புரியாத எதையோ பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

வரிசை முடிவில் சாச்சி நின்றாள். விரலில் ரத்தம். கவனிக்கவில்லை.

"ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

"நூத்துக்கு எட்டு இருக்கும் சாச்சி. வேற வேற எடத்துல இருக்கும். அந்த நாலு வரிசைய வெட்டாம விட்டா..."

"தண்டு? தண்டாவது இருக்கா?"

"தெரியல சாச்சி. ரெண்டு நாள் கழிச்சுத்தான்..."

"தெரியலங்கறத சனிக்கிழம சொல்லியிருக்கலாமே."

அதில் திட்டு இல்லை. நிஜமாகவே ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். சரப்ஜீத்திடம் பதில் இருந்தது. அந்தப் பதில் அத்தனை அற்பமாக இருந்தது. ஒரு ஆள் சிரித்தான், சாச்சி. அவ்வளவுதான் காரணம்.

ப்ரீதம் கௌர் வரிசைகளுக்கு நடுவில் கிடந்த வெட்டுக் குச்சிகளைப் பார்த்தாள். குனிந்து ஒன்றை எடுத்தாள். அவள் உயரத்துக்குக் குச்சி, பத்துப் பன்னிரண்டு மொட்டோடு. முதல் மொட்டைச் சீவினாள். பழுப்பு. நாலாவது, பழுப்பு. ஏழாவது மொட்டைச் சீவியவள் அசையாமல் நின்றாள்.

"சர்பு. இது என்னது?"

சரப்ஜீத் கிட்டே போய்ப் பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம். நடுவில் பட்டாணி நிறத்தில் ஈரமாக ஒரு புள்ளி. பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு.

"உயிரு சாச்சி."

"உயிரா?"

"ம்."

"இதுவா?"

"ம்."

சாச்சி குச்சிக் குவியலில் முழங்காலிட்டு விழுந்தாள். இன்னொன்றை எடுத்துச் சீவினாள். இன்னொன்று. எட்டாவது குச்சியில் இன்னொரு பச்சை. அதன் மேல் மொட்டும் பச்சை. அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பேச்சும் இல்லை அழுகையும் இல்லை. சீவச் சீவப் பச்சை செத்துக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கை நிற்கவில்லை. சரப்ஜீத் அவள் மணிக்கட்டைப் பிடித்து பிளேடை வாங்கினாள்.

"பாதித் தோட்டம் உயிரோட தரையில கெடக்குதுடி" என்றாள் ப்ரீதம் கௌர். "நான்தான் வெட்டிப் போட்டிருக்கேன். காசு குடுத்து ஆளு வெச்சு வெட்டிப் போட்டிருக்கேன்."

"நான் சொல்லி வெட்டினீங்க."

"சும்மா இரு. இப்ப உன்ன எதுவும் சொல்ல மாட்டேன். ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்." மூக்கை ஜாக்கெட் கையில் துடைத்தாள். ஆட்களில் மூத்தவளைப் பார்த்துக் கத்தினாள். "கத்தரிய மூடுங்கடி! அந்த நாலு வரிசையில எவளும் கை வைக்கக் கூடாது!" பிறகு சரப்ஜீத்தின் பக்கம் திரும்பாமலே கேட்டாள். "வேற யாரு ஆரம்பிச்சிருக்காங்க?"

"நிர்மல். நேத்துலேருந்து. மத்தவங்க தெரியல."

"அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. மொதல்ல உங்ககிட்ட..."

"மொதல்ல எங்கிட்ட வந்து என்ன பண்ணப்போற? எனக்குத்தான் முடிஞ்சுபோச்சே. அவன்கிட்ட பதினாலு ஏக்கர் இருக்கு. இங்க நின்னு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருக்கற ஒவ்வொரு நிமிஷமும் அங்க வெட்டறானுங்க." வேலிப் பக்கம் கையை நீட்டினாள். "எங்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லு. தெரிஞ்சேன்னு சொல்லு. அவன் சிரிப்பான், சிரிக்கட்டும். போ. ஓடு!"

சரப்ஜீத் ஓடினாள். வண்டியில் சுற்றிக்கொண்டு போக நேரமாகும். வேலியைத் தாண்டினால் நிர்மலின் மேல் வரிசைகள் வந்துவிடும். வெட்டுக் குச்சிகள் காலைத் தடுக்கின. ஒவ்வொரு அடியிலும் எதையோ மிதிக்கிறோம் என்று தெரிந்தது, எதை என்று தெரியவில்லை. நூற்றுக்கு எட்டு. வேலிக்கம்பியில் ஒரு காலைப் போட்டபடி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ப்ரீதம் கௌர் உயிர் மொட்டு இருந்த அந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு கொடி கொடியாகப் போய்க்கொண்டிருந்தாள். வெட்டுப்பட்ட துண்டுகளின் முகத்தில் குச்சியின் அடியை வைத்து வைத்துப் பார்த்தாள். ஒன்றில் சேரவில்லை. அடுத்ததிலும் சேரவில்லை. நாலாவது கொடியில் சேர்ந்துவிட்டது போல. வெட்டும் வெட்டும் பொருந்துகிற இடத்தை இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டு, நெற்றியைக் கம்பியில் சாய்த்து நின்றாள். ஆறு பெண்களும் கத்தரிகளைத் தொங்கவிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் கிட்டே போகவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் டிக், டிக் என்று கேட்டது. சரப்ஜீத் குதித்தாள். கீழே கால் ஊன்றுவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிட்டாள்.